யாழ்ப்பாணத்திலிருந்து ஒப்பெரா மேடைக்கு: தொடங்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

கதை முழுவதையும் பாடியே நடிக்கும் ஐரோப்பிய இசை நாடகம்தான் ஒப்பெரா. அதில் மைக் கிடையாது. இதை முதலில் மனதில் பதித்துக்கொண்டால், அந்தக் குரல் ஏன் அப்படிக் கேட்கிறது, பயிற்சி ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது என்ற கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். லண்டன் றோயல் ஒப்பெரா ஹவுஸில் 2,200 பேருக்கு மேல் இருக்கலாம். நியூயோர்க் மெற்றோபொலிற்றனில் 3,800 பேர் அளவில். மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்துக்குள் 60, 70 வாத்தியக்காரர்கள். அவர்களைத் தாண்டி ஒரு தனிக் குரல் கடைசி வரிசைக்குப் போய்ச்சேர வேண்டும். அதுவும் நடித்துக்கொண்டு, தன்னுடையதல்லாத மொழியில், இரண்டு மூன்று மணி நேரம்.

கதை முழுவதையும் பாட்டாலேயே கொண்டுபோவது எங்களுக்குப் புதிதல்ல. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை நேரில் பார்த்த பெரியவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். பாசையூர், குருநகர், நாவாந்துறைப் பக்கத்துக் கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளும் பாட்டிலேயே ஓடுபவைதான். ஆகவே ‘இது வெள்ளைக்காரன்ர சாமான், எங்களுக்கு ஏன்?’ என்று யாராவது சொன்னால் பெரிதாக எடுக்க வேண்டாம். ஆனால் குரலைப் பழக்கும் முறை வேறு, படிப்பின் பாதை வேறு, வேலை கிடைக்கும் இடமெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். அதனால்தான் இந்த வழிகாட்டி. சங்கீத வகுப்புக்கோ தேவாலயப் பாடகர் குழாத்துக்கோ போய்வரும் 15 முதல் 22 வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். காசு பற்றிய பகுதி பெற்றோருக்கு.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாதையின் முதல் நான்கைந்து வருட வேலையில் பெரும்பகுதியை யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே, குறைந்த செலவில் முடிக்கலாம். அதை முடிக்காமல் விமானம் ஏறுபவர்கள் அங்கே போய் சுவரக் குறிப்பு வாசிக்கப் பழகுவதற்குப் பவுணில் காசு கட்டுகிறார்கள்.

குரலுக்கு வயது வரட்டும்

வயலினை ஐந்து வயதில் கையில் கொடுக்கலாம். ஒப்பெராக் குரலை அப்படித் தொடங்க முடியாது. ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடைந்து, பிறகு ஒரு நிலைக்கு வர வேண்டும். பெண்பிள்ளைகளின் குரலும் பதின்ம வயதில் மாறிக்கொண்டேதான் இருக்கும். 17, 18 வயதில் முறையான பயிற்சியைத் தொடங்குவது பிந்திய தொடக்கம் அல்ல. குரல் தன் உண்மையான கனத்துக்கு வருவது பெரும்பாலும் 25 வயதுக்குப் பிறகு. ஜேர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் பாத்திரங்கள் போன்ற பாரமானவற்றைப் பலர் 30ஐத் தாண்டித்தான் தொடுகிறார்கள்.

உயரத்திலிருந்து கீழ்நோக்கி, பெண் குரல்களை சொப்ரானோ, மெஸ்ஸோ சொப்ரானோ, அரிதாகக் கொன்ட்ரால்டோ என்றும், ஆண் குரல்களை டெனர், பாரிட்டோன், பாஸ் என்றும் பிரிப்பார்கள். உச்சக் குரலில் பாடும் கவுண்டர் டெனர் ஆண்களும் உண்டு. இருபது வயதுக்கு முன் இதில் ஒன்றை உங்கள் நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டாம். உயர்ந்த சுரம் எட்டவில்லை என்பதற்காக ஒருவர் பாரிட்டோன் ஆகிவிடுவதில்லை. எட்டப் பழகாத டெனராகவும் இருக்கலாம். குரலின் நிறம், எந்த உயரத்தில் அது களைக்காமல் நிற்கிறது, எந்த இடத்தில் மாறுகிறது என்பவற்றை நல்ல ஆசிரியர் ஒருவர் மாதக்கணக்கில் கேட்டுத்தான் முடிவு சொல்வார்.

கர்நாடக சங்கீதம் கைகொடுக்கும் இடமும் காலை வாரும் இடமும்

எங்கள் பிள்ளைகள் பலர் சரளி வரிசையில் தொடங்கி, வட இலங்கை சங்கீத சபைச் சோதனைகளில் இரண்டு மூன்று தரம் முடித்துவிட்டு வருவார்கள். அது பெரிய முதல். சுருதி விலகினால் காது உடனே சொல்லும். தாளம் உடம்பில் ஊறியிருக்கும். ஒரு மணி நேர உருப்படிகளைப் பார்க்காமல் பாடும் ஞாபகசக்தி இருக்கும். ஒப்பெராவில் முழுப் பாத்திரத்தையும் மனப்பாடமாகத்தான் பாட வேண்டும் என்பதால் இது சும்மா விஷயமில்லை. மூன்றாம் காலத்தில் அகாரம் பாடிப் பழகிய தொண்டைக்கு ஹாண்டெலும் ரொஸ்ஸினியும் எழுதிய வேகச் சங்கதிகள் பயம் காட்டாது.

இனிச் சிக்கல்கள். முதலாவதும் பெரியதும், குரல் மாறும் இடம்.

1 கட்டையில் பாடும் ஆண்பிள்ளை ஒருவரை எடுப்போம். அவருடைய தார ஸ்தாயி சட்ஜம் பியானோவின் நடு ‘சி’. கச்சேரியில் தார ஸ்தாயி பஞ்சமம் வரை தெளிவாகப் போய்வந்தால் நல்ல குரல் என்போம். டெனர்களின் பேர்போன உயர் ‘சி’ அதற்கும் மேலே இருக்கும் அடுத்த சட்ஜம். அங்கே போவதற்கு முன், தார ஸ்தாயி ரிஷபத்திலிருந்து பஞ்சமம் வரையான பகுதியில் டெனர் குரல் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுகிறது. இத்தாலியர் இதை ‘பஸாஜியோ’ என்பார்கள். பாரிட்டோனுக்கு இது இரண்டு மூன்று சுரம் கீழே வரும். நாங்கள் அந்த இடத்தை நெஞ்சுக்குரலின், அதாவது பேச்சில் வரும் கனத்த குரலின், அழுத்தத்தால் தாண்டப் பழகியிருக்கிறோம். ஒப்பெராவில் அப்படித் தள்ளினால் அதற்கு மேல் கதவு பூட்டு. உயிரெழுத்தின் வடிவத்தைச் சற்று ஒடுக்கி, காற்றின் அழுத்தத்தைக் கூட்டாமல், குரலை மாறவிட வேண்டும்.

பெண்பிள்ளைகளுக்கு மாற்றம் இன்னும் பெரியது. 5 கட்டையில் பாடும் ஒருவர் தார ஸ்தாயி மத்திமம், பஞ்சமம் வரை நெஞ்சுக்குரலையே கொண்டுபோவார். ஒப்பெராவிலோ மத்திய ஸ்தாயி தைவதம், நிஷாதம் வரும் இடத்திலேயே குரல் தலைக்குரலின், அதாவது உயரத்தில் வரும் மெல்லிய குரலின், பக்கம் சாயத் தொடங்க வேண்டும். தார ஸ்தாயி முழுவதும் அந்தக் குரல்தான். ஆரம்பத்தில் அது காற்றுக் கலந்து, மெலிந்து, தன் குரலே இல்லை என்பதுபோலக் கேட்கும். வீட்டில் அம்மா ‘முந்தி வடிவாய்ப் பாடினாய், இப்ப ஏன் இப்படி?’ என்று கேட்பார். பல மாதம் இப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் அதிகம் விட்டுவிட்டுப் போவது இந்தக் கட்டத்தில்.

இரண்டாவது சிக்கல் கமகம். நாங்கள் சுரத்தை அசைத்துப் பாடுவது வேண்டுமென்று செய்யும் வேலை. ஒப்பெராக் குரலின் அதிர்வு, செக்கனுக்கு ஐந்து முதல் ஏழு தடவை, குரல் சமநிலையில் இருக்கும்போது தானாக வருவது. கமகத்தால் அதைச் செய்துகாட்ட முயன்றால் ஆட்டம்தான் வரும்.

மூன்றாவது, மைக் பழக்கம். கோயில் கச்சேரியில் வாயை அரைவாசி திறந்து பாடினாலும் ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும். ஒப்பெராக் குரல் வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்பதற்குக் காரணம் பலமாகக் கத்துவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சுவீடன் ஆய்வாளர் யொஹான் சுண்ட்பேர்க் 1970களில் இதை அளந்து விளக்கினார். வாத்தியக் குழுவின் ஒலிச்சக்தி 500 ஹேர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் உச்சத்தில் இருந்து, பிறகு இறங்கிவிடுகிறது. பழகிய ஒப்பெராப் பாடகர், குறிப்பாக ஆண் குரல், தொண்டைக் குழாயின் வடிவத்தை மாற்றி 3,000 ஹேர்ட்ஸ் அளவில் சக்தியைக் குவிக்கிறது. அந்த இடத்தில் வாத்தியங்களின் போட்டி குறைவு. எங்கள் காதும் அங்கே கூர்மை. சொப்ரானோக்கள் உச்சத்தில் வேறு வழி எடுக்கிறார்கள். வாயின் திறப்பைச் சுரத்தின் உயரத்துக்கு இசைவாக மாற்றுவார்கள். உச்சத்தில் அவர்கள் பாடும் சொல் விளங்காமல் போவது அதனால்தான். அது சோம்பல் இல்லை.

அப்போ கர்நாடக சங்கீதத்தை விட வேண்டுமா? பள்ளிக் காலத்தில் வேண்டாம். தொடங்கிய தரத்தை முடியுங்கள். இரண்டு பயிற்சியையும் ஒரே நாளில் நீட்டிச் செய்யாதீர்கள், அவ்வளவுதான். 20 வயதளவில் தொண்டைக்கு எது முதல் என்று தீர்மானிக்க வேண்டி வரும். மருதனார்மடத்தில், இராமநாதன் இசைக் கல்லூரியாகத் தொடங்கி இன்று யாழ். பல்கலைக்கழகத்தின் பகுதியாக இருக்கும் இடத்தில் சங்கீதத்தில் பட்டம் எடுக்கலாம். ஒப்பெராவுக்கு அது நேரே உதவாது. இலங்கையில் சங்கீத ஆசிரியர் வேலைக்கு உதவும். எந்தப் பயணம் போகிறோம் என்று தெரிந்து ரிக்கெற் எடுத்தால் சரி.

ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

ஐந்து கோட்டுச் சுவரக் குறிப்பு வாசிக்கப் பழகுங்கள். முதல் வேலை அதுதான். சரிகம எழுதிப் பாடியவர்களுக்கு அடிப்படை பிடிபட அதிக காலம் எடுக்காது. ஆனால் பார்த்தவுடனே பாடும் அளவுக்கு வர இரண்டு வருடமாவது தினமும் கொஞ்சம் செய்ய வேண்டும். நாங்கள் சட்ஜத்தை எந்தக் கட்டையிலும் வைப்போம்; அங்கே சுரத்தின் இடம் நிலையானது, பாட்டு நடுவில் ஆதார சுருதியே மாறும். காது இதற்குப் பழக வேண்டும். தம்பூராப் பெட்டியைப் போட்டுக்கொண்டு பாடினால் இது வராது. கீபோர்ட் முன்னால்தான் வரும்.

கீபோர்ட் என்றால் 61 கட்டை உள்ள மலிவானதிலும் தொடங்கலாம். பிறகு 88 கட்டை, விரலுக்குப் பாரம் தெரியும் டிஜிட்டல் பியானோ ஒன்று கிடைத்தால் நல்லது. வாங்க வசதியில்லையென்றால் உங்கள் பள்ளியிலோ தேவாலயத்திலோ வார நாட்களில் சும்மா கிடக்கும் வாத்தியத்தைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பாட்டின் வரியை ஒரு கையால் வாசித்து, மற்றக் கையால் எளிய சுரக்கூட்டுகளைப் பிடிக்கத் தெரிந்தால் போதும், பியானோ வித்துவான் ஆகத் தேவையில்லை. ஜேர்மன் இசைக் கல்லூரிகளின் நுழைவுத் தேர்வில் பாடகர்களுக்கும் பியானோச் சோதனை வழக்கமாக உண்டு.

அடுத்தது பாடகர் குழாம். நான்கு குரலில் பாடும் தேவாலயக் குழாம் ஒன்றில் சேர்ந்து, மெட்டை அல்லாமல் நடுவில் ஓடும் ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) அல்லது டெனர் வரியைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் வேறு சுரம் போகும்போது தன் சுரத்தில் நிற்பது எங்கள் மரபில் இல்லாத பழக்கம். சைவப் பிள்ளைகள் தயங்க வேண்டாம்; தேவாலயம் ஒத்துவராவிட்டால் மேலைத்தேய இசைக் குழாம் உள்ள பள்ளிகள் சில நகரத்தில் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும்: குழாத்தில் குரலை அடக்கி மற்றவர்களோடு கலக்கச் சொல்வார்கள். அது அங்கே சரி. உங்கள் தனிப் பயிற்சிக்குள் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவராதீர்கள்.

மேடைக்கு யாழ்ப்பாணத்தை மிஞ்ச இடம் குறைவு என்றே சொல்வேன். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு பருவம் போய் நில்லுங்கள். பாடியபடியே ஆடுவது, மூச்சுக்கு இடம் பார்த்து அசைவது, முகத்தைச் சபைக்குக் காட்டியபடி பக்கத்தில் நிற்பவரோடு கதைப்பது எல்லாம் அங்கே எலும்பில் ஏறும். மரிய சேவியர் அடிகளார் 1965இல் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் பாஸ்கா நாடகங்களாலும் கூத்துகளாலும் பல தலைமுறை நடிகர்களை வளர்த்திருக்கிறது. உயர்தரத்தில் ‘நாடகமும் அரங்கியலும்’ எடுப்பதும் வீண் போகாது. வெளிநாட்டுக் கல்லூரிகளில் குரல் நன்றாக இருந்தும் மேடையில் மரம்போல நிற்கும் மாணவர்கள் நிறைய.

கேட்பதற்கு, ஐரோப்பிய அரங்குகளின் முழு நிகழ்ச்சிகளை இலவசமாகத் தரும் ஒப்பெராவிஷன் என்ற தளம் இருக்கிறது. காப்புரிமை முடிந்த சுவரக் குறிப்புகள் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் கிடைக்கும். குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மொட்ஸார்ட்டின் ஒரு ஒப்பெராவைப் பகுதி பகுதியாகக் கேளுங்கள். ஆனால் பெரிய பாடகர்களின் ஒலிப்பதிவைப் போலப் பாட முயலாதீர்கள். 45 வயதில் ஒருவருக்கு வரும் இருண்ட, கனத்த நாதத்தை 19 வயதில் செய்துகாட்ட நாக்கின் அடியை அழுத்தித்தான் ஆக வேண்டும். ஒருமுறை பழகினால் அதை எடுக்க வருடங்கள் போகும்.

ஆசிரியரைத் தேடுதல்

ஒப்பெரா முறையில் குரல் பழக்கும் ஆசிரியர்களைக் கொழும்பில் தேட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து 400 கிலோமீற்றர் அளவு. வாரம் ஒருமுறை போய்வருவது நடக்காது. நடக்கக்கூடிய வழி: வாரத்தில் ஒரு வகுப்பு இணையத்தில், பள்ளி விடுமுறையில் கொழும்பில் தங்கி அடுத்தடுத்து நேரில் சில வகுப்புகள். முழுக்க இணையத்தில் மட்டும் பழகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குரல் அறைக்குள் எப்படிப் பரவுகிறது என்று ஆசிரியர் நேரில் கேட்க வேண்டும். விலாவும் தோளும் எப்படி அசைகின்றன என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இணைய வகுப்புக்குச் சில ஒழுங்குகள். ஸூம் போன்றவை பாட்டைச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். அமைப்புகளில் போய் இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலியை இயக்குங்கள். போனைக் கையில் பிடிக்காமல் இரண்டு மூன்று மீற்றர் தள்ளி வையுங்கள். ஆசிரியர் அங்கிருந்து பியானோ வாசிக்க நீங்கள் இங்கிருந்து சேர்ந்து பாட முடியாது, ஒலி பிந்தி வரும். பக்கவாத்தியத்தை முதலே பதிந்து வாங்கி உங்கள் பக்கத்தில் ஓடவிடுங்கள்.

ஆசிரியர் சரியானவரா என்று எப்படித் தெரியும்? வகுப்பு முடிந்து போகும்போது தொண்டை நோகக்கூடாது, குரல் கரகரக்கக்கூடாது. முதல் மாதமே பெரிய ஒப்பெராப் பாட்டுகளைப் பாடவைப்பவர், உச்சச் சுரத்தைக் கத்தி எடுக்கச் சொல்பவர், கேள்வி கேட்டால் கோபிப்பவர் யாராக இருந்தாலும் விலகுங்கள். குரு பக்தி வேறு, தொண்டை வேறு. நல்லவர்கள் ஆரம்பத்தில் 18ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பாட்டுகள், வக்காய் என்ற இத்தாலியர் 1830களில் எழுதிய குரல் பயிற்சிகள் போன்ற சின்னச் சின்னவற்றில் நீண்ட காலம் வைத்திருப்பார்கள். சலிப்பாக இருக்கும். இருக்கட்டும்.

நாளாந்தப் பயிற்சி

ஆரம்பத்தில் 20 நிமிடம், காலை ஒன்று மாலை ஒன்று. ஒரு வருடத்துக்குப் பிறகு மொத்தம் ஒரு மணி நேரம், ஒன்றரை. அதற்கு மேல் பாட்டு வேண்டாம். மிச்ச நேரம் சொல் மனப்பாடம், தாளத்தில் வாசிப்பு, மொழி. நான்கு மணி நேர அசுர சாதகம் வயலினுக்குச் சரிவரும், இந்தத் தசைக்குச் சரிவராது.

தொடக்கம் எப்போதும் மெதுவாக: உதடுகளை ‘பிர்ர்’ என்று அதிரவிட்டு ஏறி இறங்குவது, மெல்லிய ஸ்ட்ரோ ஒன்றுக்குள்ளால் குரல் கொடுப்பது, ‘ங்’ என்ற ஒலியில் நின்று அப்படியே ‘ஆ’வுக்குத் திறப்பது. மூச்சைப் பற்றி ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அடிப்படை இதுதான்: மூச்சு எடுக்கும்போது விலா விரிகிறது, பாடும்போது அது உடனே மடிந்து விழாமல் விரிந்த நிலையைக் கொஞ்ச நேரம் காப்பாற்ற வேண்டும். காற்றைத் தள்ளுவது அல்ல, சிக்கனமாக விடுவது. வயிற்றை உள்ளே இறுக்கச் சொல்லும் அறிவுரைகளைக் காதில் போடாதீர்கள்.

எங்கள் ஊர்ப் பழக்கங்களில் குரலுக்குப் பகை, இரவு பத்து மணிக்கு உறைப்பாகச் சாப்பிட்டுவிட்டு நேரே படுப்பது. வயிற்று அமிலம் மேலே வந்து குரல்நாணைச் சுடும். காலையில் குரல் தடித்திருக்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் விடுங்கள். மைதானத்தில் கத்துவதைக் குறையுங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் பனங்கற்கண்டு கைவைத்தியத்தோடு இருந்துவிடாமல் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போய்க் குரல்நாணைப் பார்த்துவிடுங்கள்.

மொழிகள்

இத்தாலியன் முதலில், ஜேர்மன் அடுத்தது, பிரெஞ்சு மூன்றாவது. இத்தாலியனில் தமிழருக்கு ஒரு சுகம் இருக்கிறது. ‘பாடு’, ‘பாட்டு’ என்று ஒற்றுக்கும் இரட்டிப்புக்கும் வித்தியாசம் காட்டும் நாக்கு எங்களுடையது; இத்தாலியனின் இரட்டை மெய்களில் ஆங்கிலேய மாணவர்கள் தடுமாறும்போது நீங்கள் இலகுவாகப் போய்விடுவீர்கள். அவர்களின் ‘த’வும் எங்கள் ‘த’வைப்போல் பல்லில் படுவதுதான். கவனிக்க வேண்டியவை ‘வ’, ‘ஃப’ இரண்டும். கீழுதட்டை மேற்பல்லில் தொடவைத்துச் சொல்லப் பழகுங்கள்.

பாட்டின் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதி வைத்துக்கொண்டுதான் பாடத் தொடங்க வேண்டும். ஜேர்மனி எண்ணம் இருந்தால் ஜேர்மனை உச்சரிப்புக்காக மட்டும் படிக்காமல் கதைக்கும் மொழியாகவே படியுங்கள். கல்லூரிகள் பெரும்பாலும் பி1, பி2 என்ற நடுத்தர மொழி நிலை கேட்கின்றன, அது வர ஒன்றரை இரண்டு வருடம் எடுக்கும்.

சோதனைகள்

பிரித்தானிய அமைப்புகளான ஏபிஆர்எஸ்எம், ட்ரினிற்றி இரண்டின் மேலைத்தேய இசைச் சோதனைகளையும் இலங்கையில் எழுதலாம். 1 முதல் 8 வரை தரம். ஏபிஆர்எஸ்எம் நிகழ்த்துகைத் தரத்தை வீட்டிலிருந்தே, நான்கு உருப்படிகளை இடைநிறுத்தாமல் ஒரே ஒளிப்பதிவாக எடுத்து அனுப்பலாம். 6ஆம் தரத்துக்குப் போக அவர்களின் 5ஆம் தரக் கோட்பாட்டுச் சோதனையையோ அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கும் ஒன்றையோ முன்பே முடித்திருக்க வேண்டும். சோதனைகள் ஒழுங்குக்கு நல்லது. ஆனால் கல்லூரி நுழைவில் கேட்பது குரலை. 8ஆம் தர அத்தாட்சியைச் சட்டம் போட்டு மாட்டியவர் தோற்று, அத்தாட்சியே இல்லாதவர் எடுபடுவதும் உண்டு.

வெளியே படிக்கப் போவது

இங்கிலாந்தில் பெரும்பாலான இசைக் கல்லூரிகளுக்கு யூகாஸ் கன்சர்வட்டோயர்ஸ் என்ற பொது இணைய விண்ணப்ப முறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். லண்டன் கில்ட்ஹோலுக்கு மட்டும் நேரே. சேரும் வருடத்துக்கு முந்திய வருடம் ஒக்டோபர் தொடக்கத்தில் முடிவுத் திகதி வந்துவிடும். சாதாரண பல்கலைக்கழக விண்ணப்பம்போல ஜனவரி என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். இளமாணி நான்கு வருடம், அதற்கு மேல் முதுமாணி, அதற்கும் மேல் ஒப்பெராப் பயிற்சி வகுப்பு. வெளிநாட்டு மாணவர் கட்டணம் லண்டனின் பெரிய கல்லூரிகளில் வருடத்துக்கு 25,000 பவுணைத் தாண்டும், தங்குமிடம் வேறு. புலமைப்பரிசில் பெரும்பாலும் கட்டணத்தின் ஒரு பகுதிக்குத்தான். காணி விற்று அனுப்பும் யோசனை வந்தால், பிள்ளை முதலில் அங்குள்ள ஆசிரியர் ஒருவருக்குப் பாடிக் காட்டி வெளிப்படையான கருத்துக் கேட்கட்டும். இணையத்தில் ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்தால் போதும்.

எங்கள் குடும்பங்களுக்கு ஜேர்மனி பொருந்திவருகிறது என்பது என் எண்ணம். அரச இசைக் கல்லூரிகள் 24. பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லை, அரையாண்டுப் பருவத்துக்கு ஒரு சிறிய தொகை மட்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ எடுக்கிறது. விசாவுக்குச் செலவுக் காசு காட்ட வேண்டும்: 2024 செப்டெம்பரிலிருந்து மாதம் 992 யூரோ கணக்கில், ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில், அதாவது மாதம் இவ்வளவு என்று மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில். அங்கே சட்டப்படி வசிக்கும், போதிய வருமானம் உள்ள மாமாவோ சித்தியோ செலவைப் பொறுப்பேற்று அந்நாட்டு அலுவலகத்தில் உறுதிப்பத்திரம் கொடுத்தாலும் ஏற்பார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஜேர்மனியில் ஆளில்லாத வீடு குறைவுதானே. ஆனால் அது சட்டக் கடப்பாடு. உறவுக்காரர் கையெழுத்து வைக்கும் முன் முழுவதையும் வாசிக்கட்டும்.

நுழைவுத் தேர்வு கடுமை. நூற்றுக்கணக்கானவர் பாட, ஒரு சிலர் எடுபடுவார்கள். ஒரே கல்லூரியை நம்பாமல் ஐந்தாறுக்கு விண்ணப்பியுங்கள். பாடும் உருப்படிகள் உங்கள் வயதுக்கு ஏற்றவையாக இருக்கட்டும். மொட்ஸார்ட்டையும் ஒரு ஷூபர்ட் பாட்டையும் சுத்தமாகப் பாடுபவரைத்தான் எடுப்பார்கள். கனமான புச்சினிப் பாட்டைத் தள்ளித் தள்ளிப் பாடுபவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இலங்கையர் யாரும் போனதுண்டா என்று பெற்றோர் கேட்பார்கள். உண்டு. கிஷானி ஜயசிங்க றோயல் ஒப்பெரா ஹவுஸின் இளங்கலைஞர் திட்டத்தில் இருந்த சொப்ரானோ. தரங்கா குணதிலக நியூயோர்க் ஜூலியார்ட் கலைக் கல்லூரியில் படித்த சொப்ரானோ. இலங்கைப் பூர்வீகம் கொண்ட அமெரிக்க டெனர் ஷோன் பணிக்கர் 2018இல் லொஸ் ஏஞ்சலிஸில் காந்தியாகச் சமஸ்கிருதத்தில் பாடினார், அதே வருடம் சால்ஸ்பேர்க் விழாவில் கிரேக்கக் கடவுள் டயோனைசஸாகப் பாடினார். எங்கள் தோற்றத்துக்கு இந்தியப் பாத்திரம்தான் கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டாவது தகவல்.

தொழிலின் முதல் வருடங்கள்

படிப்பு முடிந்ததும் பெரிய அரங்குகளின் இளங்கலைஞர் திட்டங்கள் அடுத்த படி. சம்பளம் தந்து ஒன்று இரண்டு வருடம் வைத்திருப்பார்கள். சிறு பாத்திரங்கள் பாடலாம், பெரிய பாத்திரத்தைப் படித்து வைத்து, பாடகர் சுகமில்லாத அன்று இறங்கத் தயாராக நிற்கலாம். இவற்றுக்கும் சர்வதேசப் போட்டிகளுக்கும் பெரும்பாலும் 30, 32 வயதில் எல்லை விழும். 18 வயதில் அவசரப்பட வேண்டாம் என்று மேலே சொன்னேன். 27 வயதில் அவசரப்படத்தான் வேண்டும்.

குரல் தேர்வுக்கு ஐந்து பாட்டுகள் எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டும்: குறைந்தது மூன்று மொழி, அதில் ஒன்று மொட்ஸார்ட், எல்லாம் நாளைக்கே மேடையில் பாடக்கூடிய பாத்திரங்களிலிருந்து. முதற் பாட்டு உங்கள் தெரிவு, இரண்டாவது அவர்கள் கேட்பது. ஆகவே ஐந்தில் பலவீனமானது ஒன்று இருந்தால் அதைத்தான் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பியானோக்காரருக்குக் கொடுக்கும் குறிப்புத் தாள்கள் தெளிவாக, புரட்ட இலகுவாக இருக்கட்டும். வேகத்தை அவருக்கு இரண்டு வரி மெல்லப் பாடிக் காட்டுங்கள். கைதட்டிக் காட்டுவதை அவர்கள் விரும்புவதில்லை.

ஜேர்மனியில் அரச உதவி பெறும் ஒப்பெரா அரங்குகள் 80 அளவில் இருக்கின்றன. பலவற்றில் மாதச் சம்பளப் பாடகர் குழு உண்டு. குரலை ‘ஃபாக்’ என்ற வகைகளாகப் பிரித்து, அந்த வகைப் பாத்திரங்களுக்கு ஆள் எடுப்பார்கள். ஒப்பந்தம் ஒன்று இரண்டு அரங்குப் பருவத்துக்கு, அதாவது ஒன்று இரண்டு வருடத்துக்கு. பிறகு புதுப்பிக்கலாம், புதுப்பிக்காமலும் விடலாம். சிறு நகர அரங்கில் ஒரே வருடத்தில் நான்கைந்து பாத்திரம் பாடக் கிடைக்கும், பெரிய நகரத்தில் தட்டு ஏந்தி நிற்கும் பணியாளாக இரண்டு வரி பாடலாம். முதல் வேலைக்கு நான் சிறு நகரத்தையே சொல்வேன். கூட்டுக் குரல் குழுவில் நிரந்தர வேலை கிடைத்தால் அதையும் தாழ்வாக நினைக்காதீர்கள். தனிப் பாடகர்களைவிட அவர்களின் சம்பளம் உறுதியானது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதிகம் தனி ஒப்பந்தம், ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று. சளி பிடித்துப் பாட முடியாவிட்டால் அந்த இரவுக்குக் காசு இல்லை. முகவர் பத்து வீதம் அளவில் எடுப்பார். வேலை தொடங்க முதலே ஆயிரக்கணக்கில் முற்பணம் கேட்பவர் முகவர் அல்ல. ஆரம்ப வருடங்களில் பலர் பாட்டு வகுப்பு எடுத்தும் தேவாலயங்களில் காசுக்குப் பாடியும்தான் வாடகை கட்டுகிறார்கள்.

ஜேர்மனியில் பட்டம் முடித்தவருக்கு வேலை தேட 18 மாத வதிவிட அனுமதி கிடைக்கும். அரங்குகள் ஒரு வருடப் பருவத்துக்கான ஆட்களைப் பல மாதம் முன்னதாகவே எடுத்துவிடுவதால், பட்டம் வாங்கிய பிறகு தேடத் தொடங்கினால் அதில் ஒரு வருடம் வெறுமனே போய்விடும். படிப்பின் கடைசி வருடத்தின் முதல் அரையாண்டிலேயே அரங்குகளுக்கு எழுதத் தொடங்குங்கள். கடிதத்தோடு ஒரு பக்க விபரம், ஒரு முகப்படம், வெட்டி ஒட்டாத இரண்டு ஒளிப்பதிவு போதும்.